நகராண்மைக் கழகத்துக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்

முருகன் துணை.

நீண்ட பதிவு. தண்ணி கலக்கி வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. பாதியில விட்டுட்டு கீழே வந்து சண்டை போடாதீங்க.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். நம்ம நாட்டுல பழைய கோயில் ஒன்னு இடிபடுதுன்னு செய்தி வந்தா நாம யாரைத் திட்டுறோம்? மேம்பாட்டாளரைத் திட்டுறோம். மந்திரியைத் திட்டுறோம். ஒய்.பி.யைத் திட்டுறோம். கடைசியில கோயில் தலைவரையும் திட்டுறோம். ஆனா அந்த நிலத்துல என்ன கட்டலாம், எதை இடிக்கலாம்னு திட்டத் தாளில் சாப்பு அடிக்கிறது யாரு? ஊராட்சி மன்றம். மாநகர் மன்றமா இருக்கலாம், நகராண்மைக் கழகமா இருக்கலாம், மாவட்ட மன்றமா இருக்கலாம். சாப்பு அங்கதான் இருக்கு.

அந்த மன்றத்துல பழமையான கட்டடம்னா என்னன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது உட்கார்ந்திருக்காரா? அவங்க எல்லைக்குள்ள எத்தனை பழைய கோயில், பள்ளிவாசல், சீனர் கோயில், பழைய கடைவீடு இருக்குன்னு அவங்ககிட்ட பட்டியல் இருக்கா? இதை யாராவது போய் சோதிச்சுப் பார்க்கிறாங்களா? இல்லை. என் வாதம் இதான்: சோதிக்கணும். தகுதி இருக்கிற மன்றத்துக்குச் சான்றிதழ் கொடுக்கணும். சான்றிதழோட காசும் கொடுக்கணும். தகுதி இல்லாத மன்றம் பழைய கட்டடத்து மேல தனியா கை வைக்கக் கூடாது.

நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்லை. எஸ்.பி.எம். தான். தொழிற்சாலையில சுப்பர்வைசர். அதனால சான்றிதழ்னா என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஐ.எஸ்.ஓ. 9001 ஆடிட் வந்தா எங்க நிலைமை என்ன தெரியுமா? ஆடிட்டர் வந்து மெஷினை மட்டும் பார்க்க மாட்டார். இந்த அளவுகோலை எப்போ சரிபார்த்தீங்க, காட்டு என்பார். இந்த வேலையைச் செய்யற பையனுக்குப் பயிற்சி கொடுத்த ரெக்கார்ட் எங்கே என்பார். போன தடவை கண்டுபிடிச்ச குறையை எப்படிச் சரி பண்ணீங்க என்பார். பதில் இல்லைன்னா எழுதி வச்சுட்டுப் போவார். அதுக்குக் கெடு உண்டு. கெடு தாண்டினா சான்றிதழ் போகும். சான்றிதழ் போனா கஸ்டமர் போவான். அந்தப் பயம்தான் கம்பெனியை ஒழுங்கா ஓட வைக்குது.

ஒரு சின்ன ஸ்க்ரூ செய்யற இடத்துக்கே இவ்வளவு சோதனை. நூறு வருஷத்துக் கோயிலோட தலையெழுத்தைத் தீர்மானிக்கிற அலுவலகத்துக்கு ஒரு சோதனையும் கிடையாது. இது நியாயமா?

சிலர் உடனே சொல்வாங்க, "ஏங்க, நாட்டுலதான் சட்டம் இருக்கே." இருக்கு. தேசிய மரபுச் சட்டம் 2005, அதாவது 645 சட்டம். 2006 மார்ச் 1ல் நடப்புக்கு வந்துச்சு. அதுக்கு ஒரு ஆணையர் இருக்கார், நாம வாரிசான் துறைன்னு சொல்ற தேசியத் துறை இருக்கு, பதிவேடு இருக்கு. அந்தப் பதிவேட்டுல ஏறின இடத்துல இஷ்டத்துக்கு இடிக்கவோ கட்டவோ முடியாது. நல்ல சட்டம்தான். நான் குறை சொல்லல.

ஆனா நடைமுறை எப்படி இருக்கு பாருங்க. சட்டம் நடப்புக்கு வந்த அதே வருஷம், 2006 டிசம்பரில், கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்ல இருந்த போக் ஹவுஸ் தரைமட்டம் ஆச்சு. 1929ல கட்டின மாளிகை. சட்டத்துக்கு வயசு ஒன்பது மாசம். பதிவேட்டுல ஏறல, அதனால காப்பாத்தல. அதுக்கப்புறம் 2010 ஜூன்ல புடு ஜெயில் மதிலை இடிச்சாங்க. 1890களில் கட்டினது. நம்ம கண்ணு முன்னாலேயே சாலை விரிவாக்கத்துக்குப் போச்சு.

சரி, மாளிகையும் ஜெயிலும் நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. அப்போ கடாரத்துக்கு வாங்க. 2013 கடைசியில கெடா பூஜாங் பள்ளத்தாக்குல சண்டி 11ன்னு எண் போட்டு வச்சிருந்த பழைய கோயில் அடித்தளத்தை மேம்பாட்டு வேலையில இடிச்சுத் தள்ளிட்டாங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்லப்பட்ட இடம். நாடு முழுக்கக் கொந்தளிச்சோம். விசாரிச்சா என்ன தெரிஞ்சது? அது தனியார் நிலம், வரலாற்று இடம்னு அரசிதழ்ல ஏறவே இல்லை. ஆராய்ச்சியாளருக்கு அதன் எண் தெரியும். ஆனா ஒரு இடத்தைக் காக்க ஆராய்ச்சியாளர் கொடுத்த எண் போதாது. ஊராட்சி மன்றத்து வரைபடத்துல ஒரு சிவப்புப் புள்ளி இருக்கணும், அந்தப் புள்ளிக்குப் பின்னால சட்டத்தோட பலம் இருக்கணும். அது இல்லாட்டி நிலம் வெறும் நிலம்தான், லோட் நம்பர்தான்.

இந்த இடத்துலதான் ஓட்டை இருக்கு. பட்டியல் மேலே, தேசிய அளவுல இருக்கு. நிலம் மாநில அரசாங்கத்துக் கையில இருக்கு. ஒரு மாநிலத்துல உள்ள இடத்தைத் தேசியத் துறை பதிவு செய்யணும்னா மாநிலத்தோட சம்மதம் வாங்கணும். கட்டட அனுமதி, திட்ட அனுமதி கீழே ஊராட்சி மன்றத்துல இருக்கு. மூணு பேரும் தனித்தனி. மூணு பேருக்கும் நடுவுல நம்ம கோயில்.

இப்போ அமெரிக்காவுல இதே ஓட்டையை எப்படி அடைச்சாங்கன்னு சொல்றேன். "வெள்ளைக்காரன் கதை நமக்கு எதுக்கு"ன்னு கேட்காதீங்க. நம்ம கம்பெனி ஐ.எஸ்.ஓ.வும் வெளியே இருந்து வந்ததுதான்.

அங்க 1966ல ஒரு தேசிய மரபுப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. தேசியப் பதிவேடு வச்சாங்க. ஆனா போகப் போக ஒரு உண்மை தெரிஞ்சது. தேசியப் பதிவேட்டுல பேர் இருந்தாலும், தனியார் தன் சொந்தக் காசுல தன் கட்டடத்தை இடிச்சா தேசியச் சட்டம் தடுக்காது. தடுக்கக் கூடிய பல் ஊர் நிர்வாகத்தோட சட்டத்துலதான் இருக்கு. அதனால 1980ல சட்டத்தைத் திருத்தி, சான்றிதழ் பெற்ற உள்ளூர் அரசு அப்படின்னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க. மத்தியில தேசியப் பூங்காத் துறை, நடுவுல மாநிலத்து மரபு அலுவலகம், கீழே ஊர் நிர்வாகம். மூணும் ஒரே கயித்துல கட்டினாங்க.

ஒரு ஊர் அந்தச் சான்றிதழ் வாங்கணும்னா அஞ்சு விஷயம் காட்டணும். ஒன்னு, பழைய இடங்களை அறிவிக்கவும் காக்கவும் உள்ளூர்ச் சட்டம் இருக்கணும், அதை அமல் பண்ணவும் வேணும். ரெண்டு, விஷயம் தெரிஞ்ச ஆட்கள் உட்கார்ந்த ஒரு ஆய்வுக் குழு இருக்கணும். மூணு, ஊர்ல உள்ள பழைய இடங்களைக் கணக்கெடுத்துப் பட்டியலை நடப்புல வச்சிருக்கணும். நாலு, பொதுமக்கள் பேச இடம் கொடுக்கணும். அஞ்சு, மாநிலம் ஒப்படைக்கிற மத்த பொறுப்புகளைச் சரியா செய்யணும்.

பார்த்தீங்களா, எவ்வளவு எளிமை? எங்க ஆடிட் தாள் மாதிரியே இருக்கு. சட்டம் இருக்கா, ஆள் இருக்கா, ரெக்கார்ட் இருக்கா, மக்களைக் கேட்டியா, கொடுத்த வேலையைச் செஞ்சியா.

இதுல எனக்குப் பிடிச்சது அடுத்த விஷயம். மரபுப் பாதுகாப்புக்காக மாநிலத்துக்கு மத்தியில இருந்து வர்ற நிதியில குறைஞ்சது 10 விழுக்காடு, சான்றிதழ் வாங்கின ஊர்களுக்கே போகணும். அந்த நிதி எங்கே இருந்து வருது தெரியுமா? கடலுக்கு அடியில எண்ணெய், எரிவாயு எடுக்கக் குத்தகை விட்ட வருமானத்துல இருந்து. நமக்கும் கடலில் எண்ணெய் இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க. இன்னொன்னு, தன் ஊர்ல உள்ள ஒரு இடத்தைத் தேசியப் பதிவேட்டுக்குப் பரிந்துரைச்சா, சான்றிதழ் வாங்கின ஊரோட கருத்தைக் கேட்டுட்டுத்தான் மேலே போவாங்க. பொறுப்பு, காசு, மரியாதை மூணும் சேர்ந்து கீழே வருது. இன்னைக்கு அங்க 2,000க்கு மேல ஊர் நிர்வாகங்கள் இந்தச் சான்றிதழ் வச்சிருக்கு. யாரும் கட்டாயப்படுத்தல. காசும் மரியாதையும் வருதுன்னா தானா கேட்டு வாங்குறாங்க.

"நம்ம நாட்டுல இதெல்லாம் நடக்குமா?" நடக்கும்ங்க. ரெண்டு ஊர்ல பாதி நடந்திருக்கு. மலாக்காவுல 1988லேயே மாநில அளவுல மரபுப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. பினாங்குல 2011ல மாநில மரபுச் சட்டம் போட்டாங்க. ஜோர்ஜ்டவுனைப் பார்த்துக்கன்னே மாநில அரசு தனி நிறுவனம் வச்சிருக்கு, மாநகர் மன்றத்துலயும் மரபுக்குன்னு தனி ஆட்கள் இருக்காங்க. 2008ல மலாக்காவும் ஜோர்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியல்ல ஏறினது சும்மா இல்லை.

மலாக்கா ஜாலான் துக்காங் எமாஸ் போயிருக்கீங்களா? அங்க ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கு. 1781ல மலாக்கா செட்டிகள் எழுப்பினது. பக்கத்துலேயே 1748ல எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீனர் கோயில். ஒரே தெருவுல மூணு சமயம். பினாங்கு குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் ஆலயம் 1833ல் இருந்து நிக்குது. உலக மரபு எல்லைக்குள்ளேயே இருக்கு. அங்க நவராத்திரி நிக்கல, விஜயதசமி நிக்கல, கூட்டம் குறையல. உள்ளூர்ல சட்டமும் ஆளும் இருக்கிற இடத்துல கோயில் வாழுது. ரெண்டும் இல்லாத இடத்துல நாம பேனர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம்.

ஆனா நாட்டுல ஏறக்குறைய 150 ஊராட்சி மன்றம் இருக்கு. உலகப் பட்டியல்ல உள்ள ஊர்களை விடுங்க. தைப்பிங், ஈப்போ, தெலுக் இந்தான், கிள்ளான், சிரம்பான், குளுவாங், சுங்கைப் பட்டாணி பக்கமெல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் கட்டின கோயில் எத்தனை? எல்லாத்தையும் தேசியத் துறை ஒன்னே வந்து பார்க்குமா? ஆகிற காரியமா?

நான் நேர்ல பட்டதைச் சொல்றேன். எந்த ஊர், எந்த அலுவலகம்னு சொல்ல மாட்டேன், தேவையும் இல்லை. எங்க கோயில் தோட்டத்துக் கோயிலா இருந்தது. தோட்டம் போய் தாமான் வந்துருச்சு, கோயில் மட்டும் நிக்குது. மூலஸ்தானத்துக் கதவு, பழைய மணி, சுதைச் சிற்பம் எல்லாம் வெள்ளைக்கார துரை காலத்துது. இதைப் பழமையான இடமா பதியறதுக்கு என்ன பாரம்னு கேட்க நானும் செயலாளரும் உள்ளூர் மன்றத்துக்குப் போனோம். முதல் கவுண்டர்ல லைசன்ஸ் பிரிவுக்குப் போகச் சொன்னாங்க. லைசன்ஸ்ல கட்டடப் பிரிவுக்கு. கட்டடப் பிரிவுல ஒரு தம்பி, நல்ல பிள்ளை, மரியாதையாத்தான் பேசினான். "வாரிசான்? சினி தாக் அடா லா, பாக்சிக்"னு சொன்னான். இங்க அப்படி ஒன்னு இல்லைன்னு அர்த்தம். அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. பயிற்சி ரெக்கார்ட் இல்லாத பையனை மெஷின்ல நிக்க வச்சா தப்பு பையன் மேலயா, நிக்க வச்சவன் மேலயா?

இதுல பயங்கரம் என்னன்னா, நாளைக்கு எங்க கோயில் பக்கத்து நிலத்துக்குத் திட்டம் வந்தா, அதே அலுவலகம்தான் அதுக்குச் சாப்பு அடிக்கும். "சினி தாக் அடா"ன்னு சொன்ன அதே மேசை.

இப்போ எதிர்ப்புக்கு வர்றேன். போன மாசம் அன்னதானத்துல இதைப் பேசினப்ப மூணு விதமான பதில் வந்துச்சு. மூணுக்கும் இங்க பதில் சொல்லிடறேன்.

முதல் ஆள் சொன்னார்: "அரசாங்கத்தைக் கோயிலுக்குள்ள விடாதீங்க. பதிஞ்சா ஆணி கூட அடிக்க முடியாது. கும்பாபிஷேகம் எப்படிப் பண்ணுவீங்க?"

ஐயா, அரசாங்கம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கு. நிலம் அவங்ககிட்ட, கட்டட அனுமதி அவங்ககிட்ட, சங்கப் பதிவு அவங்ககிட்ட. நம்மைக் கட்டுப்படுத்தறப்ப மட்டும் உள்ளே இருக்காங்க, காப்பாத்தறப்ப வெளியே நிக்கிறாங்க. நான் கேட்கிற சான்றிதழ் கோயிலுக்கு இல்லை, மன்றத்துக்கு. கடிவாளம் அவங்களுக்குத்தான்.

கும்பாபிஷேகக் கவலை நியாயமான கவலை. 2018 ஆகஸ்ட்ல பத்துமலையில 272 படிக்கும் வர்ணம் அடிச்சது உலகம் பூரா போச்சு. அப்போ அந்த வர்ணத்துக்குத் தேசியத் துறைகிட்ட முன் அனுமதி வாங்கலைன்னு சர்ச்சை வந்துச்சு. ஒரு பக்கம் ஆகமம் சொல்ற 12 வருஷத் திருப்பணி, இன்னொரு பக்கம் சட்டம். யார் சரி, யார் தப்புன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. அந்தக் கேள்வியைக் கேட்க உள்ளூர்லேயே ஒரு குழு இருந்து, அதுல கட்டடம் தெரிஞ்ச ஒருத்தர், ஆகமம் தெரிஞ்ச ஒருத்தர், சமூகத்துல ஒருத்தர்னு உட்கார்ந்திருந்தா? வேலை தொடங்குறதுக்கு முன்னாலேயே மேசையில பேசி முடிஞ்சிருக்கும். சண்டை பேப்பர்ல வந்திருக்காது. திருப்பணியைத் தடுக்கிற குழு நமக்கு வேணாம், புரிஞ்சுக்கிட்டு வழி காட்டுற உள்ளூர்க் குழுதான் வேணும். சான்றிதழ் முறை கேட்கிற ரெண்டாவது விஷயமே அதான்.

ரெண்டாவது ஆள், நம்ம திருப்பணி ஆர்வலர். "பழசை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இடிச்சுட்டு ஊர்ல இருந்து ஸ்தபதியைக் கூட்டிட்டு வந்து பெரிய கோபுரமா கட்டலாம். உபயம் வரும்."

இவருக்குத்தான் எனக்குக் கோபம். வெளியில இருந்து வர்ற புல்டோசரை விட உள்ளே இருந்து வர்ற புல்டோசர் அதிகம் நம்ம சமூகத்துல. நல்லா நிக்கிற பழைய மண்டபத்தைத் தட்டி, பழைய தரை ஓட்டைப் பேர்த்துக் குப்பை லாரியில ஏத்தி, பளபளன்னு டைல்ஸ் போட்டு, பழைய உபயக் கல்லைச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசி மூடிட்டு, புது உபயதாரர் பேரைக் கிரானைட்ல பொறிக்கிறாங்க. அந்தப் பழைய கல்லுல பேர் இருந்தவன் யாரு? காலையில இருட்டுல ரப்பர் சீவி, சில்லறையா சம்பளம் வாங்கி, அதுல காசு சேர்த்துக் கொடுத்தவன். அவன் இந்த நாட்டுல வாழ்ந்ததுக்கு இருக்கிற ஒரே எழுத்து அந்தக் கல்லா இருக்கலாம். அதை மூடிட்டு, அப்புறம் நீதிமன்றத்துல போய் "எங்க கோயில் நூறு வருஷம்"னு சொன்னா, நீதிபதி என்ன கேட்பார்? ஆதாரம் எங்கே? நாமே சிமெண்டு போட்டுப் பூசிட்டோமே!

தகுதி உள்ள மன்றம் இருந்தா இதையும் கேட்கும். "எதுக்கு இடிக்கிறீங்க, பழுது பார்த்தா போதாதா"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி நம்ம நிர்வாகங்களுக்கும் நல்லதுதான். பிடிக்கலைன்னாலும் நல்லது.

மூணாவது ஆள் இளைஞர். "அண்ணே, இதெல்லாம் இன அரசியல். சான்றிதழ் கொடுத்தாலும் நம்ம கோயிலைக் காப்பாத்த மாட்டாங்க."

தம்பி, உன் வலி எனக்குத் தெரியும். 2025ல கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பக்கம் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலய விவகாரத்துல நாம எல்லாரும் தூக்கம் இல்லாம இருந்தோம். 130 வருஷத்துக்கு மேல பழைய ஆலயம்னு நிர்வாகம் சொன்னது. நிலம் 2014லேயே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்பனை ஆயிருந்தது. கடைசியில பக்கத்துல வேற இடத்துக்கு மாற ஒத்துக்கிட்டு முடிஞ்சது. அந்தக் காயத்தைக் கிளற நான் வரல. ஒரே ஒரு கேள்வி. நிலம் கை மாறினப்ப, அந்தத் தாளில் "இங்கே எத்தனை வருஷத்துக் கட்டடம் இருக்கு, யார் கும்பிடுறாங்க"ன்னு ஒரு கட்டம் இருந்துச்சா? அதை நிரப்பிக் கையெழுத்து போட யாராவது பொறுப்புல இருந்தாங்களா? பட்டியலும் குழுவும் இருந்தா அந்தக் கேள்வி 2014லேயே வந்திருக்கும். பதினோரு வருஷம் கழிச்சு, ரெண்டு பக்கமும் ரத்தம் கொதிக்கிறப்ப வந்திருக்காது.

இன அரசியலுக்கு மருந்து கூச்சல் இல்லை தம்பி, பட்டியல்தான். பட்டியல்ல இன்ன சமயம்னு பார்த்துச் சேர்க்க முடியாது. வயசு, கட்டட முறை, வரலாறு இதான் அளவு. ஒரு பழைய பள்ளிவாசலுக்கும் சீனர் கோயிலுக்கும் நம்ம கோயிலுக்கும் ஒரே பாரம், ஒரே மேசை, ஒரே விதி. அப்புறம் ஒருத்தனும் "உங்களுக்கு மட்டும் சலுகை"ன்னு சொல்ல முடியாது.

ஒன்னு நேர்மையா சொல்லிடறேன். இந்தச் சான்றிதழ் சர்வரோக நிவாரணி இல்லை. நிலப் பத்திரம் இல்லாத கோயிலுக்கு இது பத்திரம் ஆகாது. அந்தப் போராட்டம் தனி. ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டும் கூட்டிப் பெருக்கி வர்ணம் அடிக்கிற கம்பெனியை நான் பார்த்திருக்கேன். மன்றங்களும் அப்படி நாடகம் போடலாம். அதனாலதான் சொல்றேன், சான்றிதழை ஒரு தடவை கொடுத்துட்டு மறந்துடக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை திரும்பி வந்து பார்க்கணும். பட்டியல் பழசா கிடக்குதா, குழு கூடுதா, மக்கள் கொடுத்த ஆட்சேபத்துக்குப் பதில் போச்சான்னு பார்க்கணும். இல்லைன்னா பிடுங்கணும். பிடுங்க முடியாத சான்றிதழ் வெறும் சுவத்து அலங்காரம்.

இன்னொன்னும் இருக்கு. நம்ம ஊர்ல கவுன்சிலர்களை நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது இல்லை. 1965ல உள்ளூர்த் தேர்தல் நிறுத்தப்பட்டது, 1976 சட்டத்தோட முழுசா போச்சு. மாநிலம் நியமிக்குது. ஓட்டுப் பயம் இல்லாத இடத்துல வேற ஒரு பயம் வேணும். ஆடிட் பயமாவது இருக்கட்டும்.

அப்போ யாரைக் கேட்கிறது, என்ன கேட்கிறது? அரசியலமைப்புல மரபுப் பாதுகாப்பு கூட்டரசும் மாநிலமும் சேர்ந்து பார்க்கிற பட்டியல்ல இருக்கு. அதனால ரெண்டு பேரும் "அது அவங்க வேலை"ன்னு தப்பிக்க முடியாது. கூட்டரசுகிட்ட நாம கேட்க வேண்டியது: ஊராட்சி மன்றங்களுக்குத் தகுதி அளவு எழுதுங்க, மரபு நிதியில இருந்து தகுதி உள்ள மன்றத்துக்குன்னு ஒரு பங்கு ஒதுக்குங்க. மாநிலத்துகிட்ட கேட்க வேண்டியது: பினாங்கும் மலாக்காவும் போட்ட மாதிரி சட்டம் போடுங்க, மன்றங்களைச் சோதிங்க. மன்றத்துகிட்ட கேட்க வேண்டியது: ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு பட்டியல். இதுக்குக் கோடிக் கணக்குல காசு வேணாம்ங்க.

நாமளும் கை கட்டி நிக்கக் கூடாது. சட்டத்துலேயே இடம் இருக்கு. தேசிய மரபா அறிவிக்கணும்னு யார் வேணும்னாலும் பரிந்துரைக்கலாம், தனி மனிதர் கூட. அதே மாதிரி ஊராட்சி மன்றம் உள்ளூர்த் திட்ட வரைவை, ரஞ்சாங்கான் தெம்பாத்தான்னு சொல்வாங்க, அதை மக்கள் பார்வைக்கு வைக்கிறப்ப எழுத்து மூலமா ஆட்சேபம் கொடுக்கலாம். எத்தனை கோயில் நிர்வாகம் போய்ப் பார்க்குது? அந்த வரைபடத்துல உங்க கோயில் வழிபாட்டு இடமா குறிக்கப்பட்டிருக்கா, இல்லை வீடமைப்பு நிலம்னு வர்ணம் அடிச்சிருக்கான்னு யாராவது பார்த்தீங்களா? திருவிழா நோட்டீஸ் அடிக்க அலையிற நேரத்துல பாதி போதும்.

ஒவ்வொரு கோயிலும் ஒரு பைல் திறக்கட்டும். பழைய போட்டோ, பழைய திருவிழா அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம், தோட்டத்து நிர்வாகம் கொடுத்த கடிதம், உபயக் கல்லோட படம், வயசானவங்க சொல்றதை எழுதி அவங்க கையெழுத்து. மணியில, விளக்குல, கதவுல பொறிச்ச வருஷம் இருந்தா அதையும் படம் எடுங்க. நாளைக்கு மன்றத்துல அந்த மேசை வந்தா முதல் பைல் நம்மளோடதா இருக்கணும். அந்த மேசை வரலைன்னா, ஏன் வரலைன்னு கேட்க நம்ம கையில ஆதாரம் இருக்கும்.

நம்ம முன்னோர் பத்திரம் இல்லாம, படிப்பு இல்லாம, காட்டை வெட்டின கையாலேயே கோயிலையும் கட்டினாங்க. அவங்களுக்கு மன்றமும் தெரியாது, பாரமும் தெரியாது. நமக்கு ரெண்டும் தெரியும். பிள்ளைங்க படிச்சிருக்காங்க, வக்கீல் இருக்காங்க, கட்டட வரைஞர் இருக்காங்க. இன்னமும் புல்டோசர் வந்ததுக்கு அப்புறம்தான் போனை எடுத்து லைவ் போடுவோம்னா, அது பக்தி இல்லை, சோம்பேறித்தனம்.

எங்க ஆலயத்துல வர்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அப்புறம் மண்டபத்துல ஒரு மேசை போட்டு உட்காரப் போறோம். வீட்டுல இருக்கிற பழைய போட்டோ, ரசீது, அழைப்பிதழ் எது இருந்தாலும் கொண்டு வாங்க. படம் எடுத்துட்டு உங்க கையிலேயே திருப்பிக் கொடுத்துடுவோம். மத்த ஆலயத்து நிர்வாகங்களும் இதைச் செய்யணும்னு கை கூப்பிக் கேட்டுக்கறேன். மாநிலத்துக்கும் மன்றத்துக்கும் கொடுக்கப் போற மனுவையும் அன்னைக்கே படிச்சுக் காட்டுறோம். கையெழுத்து போட அடையாள அட்டை கொண்டு வாங்க.

சரின்னு பட்டா உங்க கோயில் குரூப்புக்கு அனுப்புங்க. தப்புன்னு பட்டா எங்கே தப்புன்னு எழுதுங்க, பதில் சொல்றேன். ஆனா ஆலயத்தையும் பிற சமயத்தையும் இழுத்துக் கேவலமா பேசுற கமெண்ட்டை எடுத்துடுவேன், கோவிச்சுக்காதீங்க.

அரோகரா.